பழைய சீகல் மோட்டாரை நம்பி மகளோடு படகில் போகலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் தென்கரையில், பூல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் பதினோரு அடி மரப்படகு ஒன்றையும், அறுபதுகளில் வாங்கியதாகச் சொல்லும், படகின் பின்பலகையில் மாட்டுகிற பிரிட்டிஷ் சீகல் அவுட்போர்டு மோட்டாரையும் காசு வாங்காமல் கொடுத்திருக்கிறார். இருபது வருடமாக ஓடாத மோட்டார். படமும் அனுப்பி, ‘இது ஓடுமா, பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று ஒரு வார்த்தை. உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஓடுமா என்றால், பெரும்பாலும் ஓடும். நம்பிப் போகலாமா என்பதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. எண்பதுகளில் நாகப்பட்டினத்தில் மாமாவின் பட்டறையில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வேலை கற்றுக்கொண்டேன். என்ஃபீல்டு ஷெர்பா என்று ஒரு பைக் இருந்தது, பலருக்கு இப்போது ஞாபகம் இருக்காது. அதில் இருந்தது 173 சிசி வில்லியர்ஸ் எஞ்சின். பம்புசெட்டுகளிலும் வில்லியர்ஸ் வரும். இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் துறைமுகப் பக்கம் குடியிருக்கிறேன். இங்கே முதன்முதலாக ஒரு சீகல் மோட்டாரைப் பிரித்தபோது கார்புரேட்டரிலும், பொறி உண்டாக்குகிற மேக்னட்டிலும் ‘வில்லியர்ஸ்’ என்று வார்த்திருந்ததைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. அதன்பிறகு என்னுடைய மூன்றும் மற்றவர்களுடைய பலவுமாகச் சீகல்களைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். அமெரிக்க மோட்டார்களில், ஐம்பதுகளின் ஜான்சன், எவின்ரூட் என்று இரண்டே இரண்டில்தான் கைவைத்திருக்கிறேன். அதனால் சீகல் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க மோட்டார் பற்றிச் சொல்வதை இன்னொருவரிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மோட்டார் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்தால் அதை எப்படி நடத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 1931-இல் வுல்வர்ஹாம்ப்டன் நகரில், சன்பீம் வண்டிகள் செய்த ஜான் மார்ஸ்டன் நிறுவனத்தில் பிறந்தது சீகல். சில வருடங்களில் தயாரிப்பு உங்கள் ஊரான பூலுக்கே வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை இதை ஆயிரக்கணக்கில் வாங்கியது. சிறிய தாக்குதல் படகுகளையும் மிதவைகளையும் தள்ளுவதற்கு, எந்தச் சிப்பாயும் ஓட்டக்கூடிய, சேற்றில் விழுந்தாலும் எழுந்து ஓடக்கூடிய ஒரு மோட்டார் அவர்களுக்குத் தேவைப்பட்டது. போர் முடிந்த பிறகும் அந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. மேல்மூடி கிடையாது. கியர் மாற்றும் கம்பி பெரும்பாலான மாடல்களில் கிடையாது. தானாகச் சுருட்டிக்கொள்ளும் ஸ்டார்ட்டர் கயிறு பழைய மாடல்களில் கிடையாது. ஒரு சிலிண்டர், பித்தளை டேங்க், மேலே திறந்து சுற்றும் ஃபிளைவீல், கீழே ஒரு குழாய், நுனியில் பெரிய புரொப்பல்லர். ‘உலகுக்கே சிறந்த அவுட்போர்டு மோட்டார்’ என்று விளம்பரம் செய்துகொண்டு தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை இதைச் செய்து விற்றார்கள். கெட்டுப்போகக்கூடிய பாகம் மிகக் குறைவு. இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது.

படகுக்கு வருகிறேன். உங்களுடையது ஒரு பலகையின் மேல் அடுத்த பலகை சற்று ஏறி, செப்பு ஆணியால் இணைத்த கிளிங்கர் படகு என்று படத்தைப் பார்த்தால் தெரிகிறது. இருபது வருடம் கொட்டகையில் காய்ந்த மரம் சுருங்கியிருக்கும். தண்ணீரில் இறக்கிய முதல் நாள் எல்லா இணைப்பிலும் ஒழுகும். பார்த்ததும் பதறி பிசின் வாங்கி அடைக்கக் கிளம்பாதீர்கள். அப்படி அடைத்துவிட்டால், பிறகு மரம் ஊறிப் பருக்கும்போது பலகை போக இடமில்லாமல் ஆணியை இழுத்துவிடும். படகை ஆழமில்லாத இடத்தில் கட்டிப் போட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பெரும்பாலான கசிவு தானாக நின்றுவிடும். அதற்குப் பிறகும் ஒழுகுகிற இடம்தான் உண்மையான ஓட்டை. அப்புறம், மோட்டார் மாட்டுகிற பின்பலகையை ஒரு மழுங்கிய திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் மரம் மக்கியிருக்கிறது. மோட்டாரின் எடையையும் தள்ளுவிசையையும் தாங்குவது அந்த ஒரு பலகைதான். அதைச் சரிசெய்யாமல் மோட்டாரை மாட்டக் கூடாது.

‘இவ்வளவு சின்ன மோட்டார் போதுமா, பெரிதாக ஒன்று வாங்கட்டுமா’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேவையே இல்லை. தண்ணீரைப் பிளந்து செல்லும் இந்த வகைப் படகுக்கு நீளத்தைப் பொறுத்து ஒரு வேக எல்லை உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் வரும். உங்கள் படகுக்கு நீர்மட்ட நீளம் சுமார் 10 அடி என்று வைத்தால் 4.2 நாட், அதாவது மணிக்கு 8 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் எத்தனை குதிரைசக்தி கொடுத்தாலும் பின்பக்கம் அமிழ்ந்து அலை எழும்புமே தவிர வேகம் பெரிதாகக் கூடாது. சீகல் இந்தக் கணக்கை வைத்தே செய்யப்பட்டது. நீங்கள் சொல்கிற 102 சிசி செஞ்சுரி மாடல், பல்சக்கரத்தில் சுழற்சியைக் குறைத்து, பெரிய புரொப்பல்லரை நிதானமாகச் சுற்றும். கனமான படகை மெதுவாகத் தள்ளுவதில் அதை அடித்துக்கொள்ள முடியாது. மெல்லிய ஃபைபர் படகைப் பறக்கவிட அது லாயக்கில்லை.

சரி, எஞ்சினைத் தொடுவோம். முதல் விதி, உடனே கயிற்றைச் சுற்றி இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நல்லது. இறுகியிருந்தால் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு நாலு நாள் மறந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை லேசாக அசைத்துப் பார்க்கலாம். குழாய் சொருகி நெம்புவது, சுத்தியலால் தட்டுவது எதுவும் வேண்டாம். நான் பார்த்த உடைந்த சீகல்களில் பாதிக்கு மேல் கடலில் உடைந்தவை அல்ல, கொட்டகையில் அவசரப்பட்டவர்கள் கையில் உடைந்தவை. குறிப்பாக அலுமினியப் பாகத்தில் இரும்பு போல்ட் இருக்கிற இடங்களில் உப்பு புகுந்து இரண்டும் ஒன்றாகியிருக்கும். முறுக்கினால் போல்ட் தலை கையோடு வந்துவிடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சூடு காட்டி, காத்திருந்து, திரும்பச் சூடு காட்டித்தான் எடுக்க வேண்டும். கழற்ற அவசியமில்லாத போல்ட்டைக் கழற்றவே வேண்டாம்.

சுற்றுகிறது என்றால் அடுத்தது கரண்ட். பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி ஹெட்டில் படும்படி வைத்து, நிழலான இடத்தில் கயிற்றை இழுங்கள். நீல நிறத்தில் பொறி வந்தால் மேக்னட் நன்றாக இருக்கிறது. வரவில்லை என்றாலும் மேக்னட் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இருபது வருடம் சும்மா கிடந்த பாயிண்டில் (ஃபிளைவீலுக்கு அடியில் கரண்டைத் திறந்து மூடுகிற தொடுமுனைகள்) ஒரு படலம் படிந்திருக்கும், அவ்வளவுதான். நைசான உப்புத்தாளை மடித்து இடையில் விட்டு இரண்டு இழுப்பு இழுத்து, பெட்ரோலில் நனைத்த துணியால் துடையுங்கள். பாயிண்ட் இடைவெளி, பிளக் இடைவெளி இரண்டுமே ஒரே அளவு: ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது 0.5 மில்லிமீட்டர். அப்படியும் பொறி வராவிட்டால் கண்டன்சரையோ விரிசல் விட்ட பிளக் வயரையோ சந்தேகப்படலாம். இரண்டுமே இன்றைக்கும் கிடைக்கின்றன.

மூன்றாவது பெட்ரோல். டேங்க்கைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். பழைய பெட்ரோல் ஆவியாகிப் போய், ஆயில் மட்டும் கருப்பட்டிப் பாகு மாதிரி அடியில் உறைந்திருக்கும். அது கரைந்து, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டுக்கு வந்தால் ஒரு நாள் முழுக்கத் தொந்தரவுதான். டேங்க், குழாய், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம், ஜெட் எல்லாவற்றையும் சுத்தமாகக் கழுவுங்கள். ஜெட் ஓட்டையில் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. ஊதித்தான் அடைப்பு எடுக்க வேண்டும். பெட்ரோலைத் திறந்து மூடுகிற குழாயில் இருக்கிற தக்கை காய்ந்து சுருங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள்.

இங்கே பெட்ரோல் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் தக்கையையும் கெடுக்கும். அதனால் விலை கூடுதலான ஈ5 பெட்ரோலையே வாங்குங்கள். அதைவிட முக்கியம், டேங்க்கில் எதையும் மிச்சம் வைக்காதீர்கள். கரைக்கு வந்ததும் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை தண்ணீரிலேயே ஓடவிடுங்கள். எத்தனாலுக்கென்று கடையில் விற்கிற மருந்துகளை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் பலன் உண்டா இல்லையா என்பதில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்குகளே இரண்டு கட்சி. காலி டேங்க்குக்கு எந்த மருந்தும் தேவைப்படாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒரு கட்சி.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்ட ஆயில் கணக்கு. எழுபதுகளின் கடைசி வரை வந்த சீகல்களுக்கு நிறுவனம் சொன்னது பத்துக்கு ஒன்று. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. ஊரில் பைக் ஓட்டிய நமக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். காரணம் இதுதான்: இதில் கிராங்க் சுற்றுவது பால் பேரிங்கில் அல்ல, வெறும் வெண்கலப் புஷ்ஷில். அந்தப் புஷ்ஷுக்குக் கிடைக்கும் ஒரே மசகு பெட்ரோலோடு வருகிற ஆயில்தான். பிற்காலத்து மாடல்களுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று என்று மாற்றினார்கள். இதுவரை சொன்னது உறுதியானது. இதற்கு மேல் விவாதம் தொடங்குகிறது. இப்போதைய ஆயில் தரமானது, பழைய மோட்டாரையும் இருபத்தைந்துக்கு ஒன்றில் ஓட்டலாம் என்பவர்கள் நிறைய. பல வருடமாக அப்படி ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை என்பார்கள், பொய்யில்லை. ஆனால் ஆயிலைக் குறைத்தால் அந்த இடத்தில் பெட்ரோல் கூடுகிறது, அதே ஜெட் வழியாக எஞ்சினுக்கு அதிக பெட்ரோல் போகிறது. நிறுவனமே மாற்றியபோது கார்புரேட்டரின் உள்பாகத்தையும் சேர்த்துத்தான் மாற்றியது. ஜெட்டைத் தொடாமல் ஆயிலை மட்டும் குறைத்துவிட்டு ‘பிளக் நனைகிறது, ஓடமாட்டேன் என்கிறது’ என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் முடிவைக் கேட்டால், பழைய கார்புரேட்டர் இருக்கிறவரை பத்துக்கு ஒன்றே போடுங்கள். படகு மோட்டார்களுக்கென்று வருகிற டூ ஸ்ட்ரோக் ஆயில் போதும்.

அப்படிப் போட்டால் புகை வரும், தண்ணீரில் ஆயில் படலமும் விடும். இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எரியாத பெட்ரோலில் ஒரு பங்கை வெளியே தள்ளத்தான் செய்யும். குடிநீர் எடுக்கிற ஏரிகளிலும் பறவைகள் முட்டையிடும் நாணல் ஓரங்களிலும் நான் இதை ஓட்டுவதில்லை, துடுப்புதான். வருடத்தில் எட்டோ பத்தோ நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், கடல்நீர் வந்து போகிற இடத்தில் என்றால் என் மனசாட்சி ஒத்துக்கொள்கிறது. தினமும் மீன்பிடிக்கப் போகிற ஆளாக இருந்தால் உங்களைப் புதிய ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கத்தான் சொல்லியிருப்பேன்.

கீழே கியர் பெட்டியில் 140 கிரேடு கியர் ஆயில். திறந்ததும் பால் கலந்த காப்பி மாதிரி ஒன்று வழிந்தால் பயப்படாதீர்கள். புரொப்பல்லர் தண்டில் தண்ணீர் புகாத சீல் அந்தக் காலச் சீகலில் கிடையாது. தண்ணீர் உள்ளே வரும், ஆயிலோடு கலந்து குழம்பாகும், அந்தக் குழம்பிலேயே பல்சக்கரம் ஓடும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வேறு எந்த மோட்டாரிலாவது இதைப் பார்த்தால் உடனே நிறுத்த வேண்டும். சீகலில் சில தடவை ஓட்டியதும் புது ஆயில் நிரப்பிக்கொண்டே வந்தால் போதும், சீசன் முடிந்ததும் முழுக்க மாற்றிவிடுங்கள். கிரீஸ் மட்டும் அடைக்காதீர்கள். கிரீஸ் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், பல் காய்ந்து ஓடும்.

முதல் ஓட்டம் கடலில் வேண்டாம், தண்ணீர்த் தொட்டியில். பெரிய குப்பைத்தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, கனமான பலகையில் மோட்டாரை இறுக்கி, கியர் பெட்டியும் பம்பும் நன்றாக மூழ்கும்படி இறக்குங்கள். டேங்க் மூடியில் இருக்கிற காற்றுத் திருகைத் திறக்க மறக்க வேண்டாம். திறக்காவிட்டால் ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும், ஆயிரம் காரணம் தேடுவீர்கள். பெட்ரோல் குழாயைத் திற, கார்புரேட்டரின் டிக்லரை (மிதவையை அழுத்துகிற சின்னப் பொத்தான்) ஒரு சொட்டு வெளியே கசியும்வரை அழுத்து, சோக்கை மூடு, ஆக்சிலேட்டரைப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வை. கயிற்றின் முடிச்சை ஃபிளைவீல் பள்ளத்தில் மாட்டி ஒன்றரைச் சுற்று சுற்றி, வெடுக்கென்று இல்லாமல் நீளமாக ஒரே இழுப்பாக இழு. மாமா எனக்குச் சொன்ன வரிசை ஷெர்பாவுக்கு, ஆனால் கயிறு தவிர ஒரு எழுத்து மாற வேண்டியதில்லை. ஐந்தாறு இழுப்பில் வரவில்லை என்றால் இழுப்பதை நிறுத்திவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்டைப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. தோள் வலிக்க ஐம்பது தடவை இழுப்பதைவிட இந்த ஒரு பார்வை அதிகம் சொல்லும்.

பிடித்துவிட்டால் வெண்புகை கிளம்பும், தொட்டித் தண்ணீர் உங்கள் மேல் தெறிக்கும். கொஞ்சம் வேகம் கூட்டியதும் சிலிண்டர் பக்கத்திலிருந்து தண்ணீர் வெளியேறுகிறதா என்று பாருங்கள். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வருகிற தண்ணீர் அது. வரவில்லை என்றால் அணைத்துவிட்டு, வழியில் உறைந்திருக்கும் உப்பையும் மணலையும் மெல்லிய கம்பியால் கிளறி எடுக்க வேண்டும். இதன் பம்பில் தேய்கிற ரப்பர் இறக்கை கிடையாது, அதனால் பம்ப் போவது அபூர்வம். அடைப்புதான் வழக்கமான நோய். கடலில் ஓட்டிய ஒவ்வொரு நாளும் இதே தொட்டியில் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் அந்த நோய் வராது.

அமெரிக்க மோட்டார் யாராவது கொடுத்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஐம்பதுகளின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் இரட்டைக் குழாய் போட்ட தனி டேங்க் வரும். எஞ்சின் காற்றை உள்ளே அழுத்தி அந்த அழுத்தத்தால் பெட்ரோலை வெளியே தள்ளும் ஏற்பாடு அது. பழைய குழாய் வெடித்தால் பெட்ரோல் படகுக்குள் பீய்ச்சும். பெட்ரோல் பம்ப் ஒன்றை மாட்டி ஒற்றைக் குழாயாக மாற்றாமல் ஓட்டக் கூடாது.

இப்போது மகள் விஷயம். உங்கள் சீகலில் நியூட்ரல் இல்லை என்றால், எஞ்சின் பிடித்த அந்த நொடியே படகு நகரும். படகுத்துறையில் கட்டியபடி இழுத்துவிட்டு எகிறி விழுந்தவர்கள் உண்டு. முன்னால் இரண்டு படகு நீளத்துக்கு வழி இருக்கிறதா என்று பார்த்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகே கயிற்றைத் தொடுங்கள். கரை சேரும்போது தூரத்திலேயே அணைத்துவிட்டு மிச்ச வேகத்திலோ துடுப்பிலோ வாருங்கள். ரிவர்ஸ் போட்டு நிறுத்தலாம் என்ற நினைப்பே வரக் கூடாது. இன்னொன்று, மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற, ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடுகிற பாதுகாப்புக் கயிறு இதில் கிடையாது. நீங்கள் தவறி விழுந்தால் படகு மகளோடு போய்க்கொண்டே இருக்கும். அதனால் முதலில் அவளுக்கு எஞ்சினை அணைக்கச் சொல்லிக்கொடுங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க மூடுவது, சோக்கை மூடுவது, இரண்டையும் தொட்டியில் ஓடும்போதே பத்துத் தடவை அவள் கையால் செய்யட்டும். திறந்து சுற்றும் ஃபிளைவீல் பக்கத்தில் தொங்குகிற எதுவும் இருக்கக் கூடாது: நீளமான பின்னல், துப்பட்டா, ஜாக்கெட் கயிறு. பெண்குழந்தையைக் கூட்டிப் போகிறீர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், கரையிலிருந்தே போட்டுக்கொண்டு.

மோட்டாருக்கும் ஒரு கயிறு வேண்டும். ஒற்றை சிலிண்டர் அதிர்வில் பின்பலகைத் திருகு தளரும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் இறுக்கிப் பாருங்கள், தளர்ந்தாலும் தண்ணீருக்குள் போகாதபடி ஒரு நல்ல கயிற்றால் படகோடு கட்டுங்கள். பையில் ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், இன்னொரு ஸ்டார்ட்டர் கயிறு, புரொப்பல்லர் ஸ்பிரிங் ஒன்று, அதற்கான ஸ்பிளிட் பின் (கவட்டை ஊசி) இரண்டு. புரொப்பல்லருக்கும் தண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த ஸ்பிரிங்தான். கல்லில் அடித்தால் பல்சக்கரம் உடையாமல் ஸ்பிரிங் தன்னை விட்டுக்கொடுக்கும். பத்து நிமிட வேலை, ஆனால் கையில் இன்னொன்று இருந்தால்தான்.

இவ்வளவும் செய்தால் எஞ்சின் உங்களைக் கைவிடுவது அபூர்வம். என்னைப் பயமுறுத்திய ஒரே நாளில் எஞ்சின் பிசகில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நானும் மச்சானும் பிரவுன்சி தீவைச் சுற்றிவிட்டு, துறைமுக வாய்க்கு, சாண்ட்பேங்ஸ் சங்கிலிப் படகு போகிற இடத்துக்குப் பக்கமாக வந்துவிட்டோம். ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், வடிகிற நேரம். அந்தப் பெரிய துறைமுகத்துத் தண்ணீர் முழுக்க ஒரு குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு ஓடுகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அதன் வேகம் நாலு நாட்டைத் தாண்டும். படகைத் திருப்பி முழு வேகத்தில் விட்டேன். எஞ்சின் சீராகப் பாடுகிறது, பின்னால் நுரை ஓடுகிறது, பக்கத்தில் இருந்த மரக்கம்பம் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. மச்சான் அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அது மெதுவாக எங்களுக்கு முன்னால் நகர ஆரம்பித்தது. நாங்கள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். நல்லவேளை, நேராக எதிர்த்துக்கொண்டிருக்காமல் குறுக்காகக் கரையைப் பார்த்து விட்டேன். கரையோரம் நீரோட்டம் தளர்வாக இருந்தது. மணலில் ஏற்றி நங்கூரம் போட்டு, ஓதம் திரும்பும்வரை மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். 4.2 நாட் என்று மேலே ஒரு கணக்கு சொன்னேனே, அது என் மனதில் எண்ணாக இல்லாமல் அந்தக் கம்பமாகத்தான் இருக்கிறது.

அதனால் மகளோடு போவதற்கு நான் வைத்திருக்கிற விதி இது. கிளம்பும்போது நீரோட்டத்தையும் காற்றையும் எதிர்த்துக் கிளம்புங்கள். பாதியில் எஞ்சின் நின்றாலும் அவை உங்களை வீட்டுப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். துடுப்பு போட்டுத் திரும்ப முடியாத தூரத்துக்குப் போகாதீர்கள். போகும் முன் ஓத அட்டவணையைப் பாருங்கள், துறைமுக வாய்ப் பக்கமே திரும்ப வேண்டாம். மோட்டார் இல்லாமல், நீங்கள் மட்டும், துடுப்பாலேயே ஒரு மணி நேரம் அந்தப் படகை ஓட்டிப் பழகுங்கள். பிறகு மோட்டாரோடு தனியாக மூன்று நான்கு தடவை. அதற்கப்புறம் மகள். இந்த வரிசையில் போனால், ஆமாம், தாராளமாக நம்பிக் கூட்டிப் போகலாம்.

எங்கே போவது என்றால், வேரம் ஊர்ப் பக்கம் ஃப்ரோம் ஆறு. காற்றில்லாத காலை, நாணல் இரண்டு பக்கமும், படகு ஓரத்தை ஒட்டாமல் நடு ஆற்றில். மெதுவாகத்தான் போக வேண்டிய ஆறு, உங்கள் மோட்டாருக்கும் அதுதான் வசதி. ஆக்சிலேட்டரைக் கால்வாசிக்குக் குறைத்துவிட்டால் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் கேட்கும், கைப்பிடி உள்ளங்கையில் துடிக்கும். மீன்கொத்தி பறப்பதைப் பார்த்துவிட்டு நீங்கள் சுட்டிக்காட்டுவதற்குள் அது போயிருக்கும். பாதி வழியில் அணைத்துவிட்டு மிதந்தபடி சாப்பிடலாம். திரும்பக் கிளம்பும்போது சூடான எஞ்சினுக்கு டிக்லரும் வேண்டாம், சோக்கும் வேண்டாம், ஒரே இழுப்பு. அந்த இழுப்பை மகளிடம் கொடுத்துப் பாருங்கள். என் பையன் பத்து வயதில் அப்படி ஒரு இழுப்பில்தான் இந்த வேலைக்குள் வந்தான். இப்போது என் கார்புரேட்டர்களை அவன்தான் கழுவுகிறான்.

ஒரு உதவி வேண்டும். கிராங்க் பெட்டியின் மேல், கார்புரேட்டருக்குப் பக்கத்தில், எழுத்தும் எண்ணும் சேர்த்துக் குத்தியிருக்கும். பெயிண்டும் அழுக்கும் மூடியிருந்தால் பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாகத் தெரியும். அதை அப்படியே எழுதுங்கள், எழுத்து விடாமல். எந்த மாடல், எந்த ஆண்டு, எந்த அளவு ஸ்பிரிங் வாங்க வேண்டும் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.